உனக்கு மறைத்த சுருட்டு

மாதா துணை

அகதி முகாம்,
பொலிகண்டி.
09.01.1994

அன்புள்ள மகன் கிறகோரிக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சி யசிந்தாவும் மாதாவின் தயவால் நடமாடித் திரிகிறோம், நீயும் அந்தக் குளிருக்குள் தேகசுகத்தோடு இருக்க வேண்டுமென்று செபமாலை சொல்லும் போதெல்லாம் உன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம். நீ ஐப்பசியில் போட்ட கடிதம் கொழும்பிலிருந்து ஆள் கையில் வந்து நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள்தான் எனக்குக் கிடைத்தது. உடனே பதில் போடவில்லை என்று குறை நினைக்காதே, எழுத வேண்டிய செய்திக்குக் கை ஓடவில்லை. உன் ஸ்ரெல்லா மாமி கார்த்திகை இருபத்தோராம் திகதி ஞாயிற்றுக்கிழமை மோசம் போய்விட்டாள். வாயில் வந்த புற்றுநோய். அப்பாவின் கூடப்பிறந்தவர்களில் மிஞ்சியிருந்தவளும் போய்விட்டாள். இங்குள்ள சவக்காலையில் அடக்கம் செய்தோம், முகாமில் இருக்கிற எங்கள் ஊர் மயிலிட்டி ஆட்கள் எல்லோரும் வந்தார்கள், பெட்டிக்குப் பலகை கிடைக்காமல் முகாமாக இருக்கிற இந்தப் பள்ளிக்கூடத்து உடைந்த வாங்கைக் கழற்றித்தான் அடித்தோம். உன்னைத் தூக்கி வளர்த்தவள், நீ அழுவாய் என்று தெரியும். அழுதுவிட்டு மிச்சத்தை வாசி.

நெஞ்சுச் சளி பிடித்து டொக்டரிடம் போனதையும் அவர் சிகரெட்டை விடச் சொன்னதையும் மூன்று தரம் விட்டுப் பார்த்து மூன்று தரமும் ஏலாமல் போனதையும் எழுதியிருந்தாய். இதெல்லாம் உங்களுக்கு விளங்காது அம்மா, புத்தி சொல்லி எழுத வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். மகன், எனக்கு விளங்கும். நான் ஏழு வருடத்துக்கு மேலாகச் சுருட்டுப் பத்தினவள். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராத அந்த வருடம் எனக்குப் பல்லுக்கொதி வந்து கன்னமெல்லாம் வீங்கிக் கிடந்தது உனக்கு நினைவிருக்கலாம். அப்போது ஸ்ரெல்லாதான் தன்னுடைய சுருட்டில் பாதியைத் தந்து, இதைக் கடவாயிலை வைச்சு இழுங்கோ மச்சாள், கொதி விறைச்சுப் போம் என்றாள். பல் விறைத்தது. பல்லோடு சேர்ந்து மற்றதும் கொஞ்ச நேரம் விறைத்தது. பல்லைப் பிடுங்கின பிறகும் நான் சுருட்டை விடவில்லை. நீ வெளிநாடு போகும் மட்டும் வலைக் கொட்டிலுக்குப் பின்னால் போய்த்தான் பத்துவேன். ஒரு நாள் மணத்தைப் பிடித்துக்கொண்டு யார் வந்தது என்று கேட்டாய், மீன் ஏற்ற வந்த கிழவன் என்று உனக்குப் பொய் சொன்னேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

இடம்பெயர்ந்து இந்த முகாமுக்கு வந்த பிறகு ஒளிக்க இடமும் இல்லை, சமையல் கொட்டிலின் பின் வேலியடிதான் தஞ்சம். அங்கே எனக்கு முன்னால் ஒருவர் குந்தியிருந்தார். செல்வநாயகி அக்கா, வசாவிளான் ஆள், செம்பாட்டுத் தோட்டத்தில் புகையிலை போட்டு வாழ்ந்த குடும்பம். எங்களுக்குப் பக்கத்து வகுப்பறையில்தான் இருக்கிறார். முதல் வருடம் முழுக்க கிணற்றடியில் நாங்கள் தொட்ட வாளியை அவர் தொடமாட்டார், நானும் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன். ஆனால் தடையால் தீப்பெட்டி வராத காலம், ஒரு குச்சியை இரண்டாகப் பிளந்து பாவித்தோம். ஒரு நாள் அவருடைய குச்சி நனைந்து எரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உம்மடை எரியுதுதானே, கொஞ்சம் நெருப்புத் தாரும் என்று கேட்டார். என் சுருட்டில் அவர் சுருட்டைப் பிடித்துப் பற்றவைத்தார். அதற்குப் பிறகு மத்தியானச் சோறு முடிந்ததும் ஸ்ரெல்லாவும் சேர்ந்து மூன்று பேரும் அந்த வேலியடியில்தான். விட்டுவிட்டு வந்த வீடுகளைப் பற்றிக்கூட அங்கே கதைப்பதில்லை, சும்மா இருந்து பத்திவிட்டு எழும்பிப் போவோம்.

போன வருடம் பங்குனியில் ஸ்ரெல்லாவின் கன்னத்துக்குள் ஒரு புண். கூப்பன் அரிசியில் கிடந்த கல் கடித்த புண் என்று சொல்லிக்கொண்டு ஆவணி வரைக்கும் ஒருவருக்கும் காட்டவில்லை. மாதத்துக்கு ஒருமுறை முகாமுக்கு வரும் டொக்டர் கண்டு, யாழ்ப்பாணம் அனுப்பி, சதையில் கொஞ்சம் வெட்டிச் சோதித்து, ஐப்பசி முதல் கிழமை முடிவு வந்தது. கொழும்புக்குப் போனால் வைத்தியம் செய்து பார்க்கலாம் என்றார்கள். அதற்குக் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடக்க வேண்டும், அதில் சனம் சாகிற காலம். அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அண்ணைக்கு உடம்பும் கிடைக்கேல்லை மச்சாள், நானும் தண்ணிக்குள்ளை போகமாட்டன், என்னை மண்ணுக்குள்ளை வையுங்கோ என்றாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது. அதே நாளில் டொக்டர் என் வாயையும் ரோச் லைற் அடித்துப் பார்த்தார். இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படை இருக்கிறது, இது இன்னும் நோய் இல்லை, சுருட்டை விட்டால் அப்படியே நின்றுவிடவும் கூடும், விடாவிட்டால் நான் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார்.

வேலியடிக்குத் திரும்பி வந்தபோது ஸ்ரெல்லாதான் முதலில் வாய் திறந்தாள். நான் போறன், எனக்குப் பின்னாலை நீங்கள் ரெண்டு பேரும் வரிசையிலை நிக்க வேண்டாம், இண்டைக்கே விடுங்கோ என்றாள். நாங்கள் நட்டு வித்த சாமான் எங்கடை வாய்க்குள்ளையே முளைச்சுப் போட்டுது என்று செல்வநாயகி அக்கா மெதுவாகச் சொன்னார், கையில் கிடந்ததை மண்ணில் குத்தி அணைத்தார். நானும் அணைத்தேன். அன்றைக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஆசை வந்தால் எந்த வேலையில் நின்றாலும் போட்டுவிட்டு மற்றவரிடம் போக வேண்டும், போய் வருகுது என்று மட்டும் சொன்னால் போதும், மற்றவர் காரணம் கேட்காமல் பக்கத்தில் வந்து இருக்க வேண்டும். முதல் கிழமை பெரும்பாடு. விடிய வயிறு போகாது, அரிசி சிந்தினதுக்கு யசிந்தாவுக்குக் கை நீட்டிவிட்டேன், பாவம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் நான் போனபோது அக்கா பிள்ளையார் படத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டு நின்றார். வருகுது என்றேன். தேவாரத்தை இடையில் விட்டுவிட்டு வந்து என் கையில் ஒரு துண்டு பனங்கட்டியைத் தந்து, இதைக் கடியாமல் உமியும், கரைஞ்சு முடியேக்குள்ளை போயிடும் என்றார். சில வேளை போனது. சில வேளை அவரே அழுவார், நான் இருப்பேன்.

இனி எழுதப்போவதை யசிந்தாவுக்கும் சொல்லவில்லை. கார்த்திகை பதினாறாம் திகதி பின்னேரம் ஸ்ரெல்லா என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். கன்னம் வெளியாலும் உடைந்துவிட்டது, கஞ்சித் தண்ணியும் இறங்கவில்லை, நோவுக்குத் தந்த குளிசை முடிந்து இரண்டு நாள். ஒரே ஒருக்கா மச்சாள், இனிக் கேக்கமாட்டன் என்றாள். வெளியே போய் ஒரு சுருட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சுருட்டை ஆராவது இழுத்தால்தானே மகன் பற்றும், அவளால் இழுக்க ஏலாது. நான் இழுத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். அவளுக்கு உதடு மூடவில்லை. இரண்டு தரம் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தாள், நீங்கள் பத்துங்கோ, நான் மணக்கிறன் என்றாள். அவள் தலைமாட்டில் இருந்து முழுச் சுருட்டையும் நான் பத்தி முடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அவளுக்காகச் செய்தேன் என்று சொல்லலாம், ஆனால் உள்ளதைச் சொன்னால் கடைசி இழுப்பு வரைக்கும் எனக்கு ருசித்தது. அடுத்த நாளும் தேடிப்போய் வாங்கினேன். அதற்கடுத்த நாளும். அக்கா வருகிற பக்கம் பார்த்து மற்றப் பக்கத்தால் போனேன். மாமியின் செத்தவீட்டன்றும் சவக்காலைக்குப் போய் வந்து ஒளித்துப் பத்தினேன்.

அடக்கம் முடிந்து மறுநாள் அக்கா என்னைத் தேடி வந்துவிட்டார். மணம் அவருக்குத் தெரியாதா. நான் எல்லாவற்றையும் சொன்னேன், பேச்சு வாங்கவென்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவர் எத்தினை நாள் விட்டிருந்தனீர் என்று மட்டும் கேட்டார். நாற்பது நாள் என்றேன். எனக்கு நாப்பத்தேழு, சரி, ரெண்டு பேருக்கும் அது அழிஞ்சு போட்டுது, இண்டைக்கு முதலாம் நாள் என்றார். நீங்கள் பத்தேல்லையே அக்கா, உங்கடை நாள் ஏன் அழியவேணும் என்று கேட்டேன். தனிய முன்னுக்குப் போய் நான் ஆரோடை கதைக்கிறது என்றார். எனக்கு மாமி செத்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. இன்றைக்கு நாற்பத்தெட்டாம் நாள். மார்கழியில் டொக்டர் திரும்பவும் பார்த்தார். படை பெருக்கவும் இல்லை, குறையவும் இல்லை, பங்குனியில் பார்ப்போம் என்றார். மனதுக்குள் பயம் இல்லையென்று சொல்லமாட்டேன். சோறு சாப்பிடும் போதெல்லாம் நாக்கு அந்த இடத்தைத்தான் போய்த் தடவுகிறது.

நான் இதையெல்லாம் எழுதுவது உனக்குப் புத்தி சொல்ல இல்லை. செல்வநாயகி அக்காவின் மகள் கொழும்பில் இருந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறாள், இங்கிருந்து வெளியேறப் பாஸ் கிடைத்துவிட்டது, வருகிற சனிக்கிழமை கிளாலியால் போகிறார். அவருக்குப் போக விருப்பமில்லை, நிற்கவும் வழியில்லை. அதற்குப் பிறகு வருகுது என்று சொல்ல எனக்கு இந்த முகாமில் ஒருவரும் இல்லை, யசிந்தாவிடம் சொல்லி அந்தப் பிள்ளையைப் பயப்படுத்த மனமில்லை. ஆகையால் உன்னிடம் கேட்கிறேன். நீயும் விடு, நானும் விடுகிறேன். கடிதம் போய் வர மூன்று மாதம் ஆகும் என்று தெரியும். ஆசை வருகிற நேரம் ஒரு கொப்பியில் எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன், ஆள் கிடைக்கும் போது அனுப்புவோம். உன் அறையில் இருக்கிற அருட்பிரகாசம் தானும் விட வேண்டும் என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, வெட்கப்படாமல் அந்தப் பிள்ளையிடம் போய்க் கேள், அவனும் யாராவது கேட்கட்டும் என்றுதான் இருப்பான். ஒன்றை மட்டும் செய்யாதே. அம்மா சந்தோசப்படட்டும் என்று விட்டுவிட்டதாகப் பொய் எழுதாதே. பத்தினால் பத்தினேன் என்று எழுது. நானும் அப்படியே எழுதுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நெஞ்சுக்குக் குளிர் படாமல் கம்பளிச் சட்டையைப் போடு, மாமிக்கு அங்கே ஒரு பூசை ஒப்புக்கொடு. முகாமை இடம் மாற்றப்போவதாகக் கதை அடிபடுகிறது, பதிலைப் பங்குச் சுவாமியின் பெயருக்கு அனுப்பு. ஆண்டவர் உன் நெஞ்சையும் என் வாயையும் காப்பாராக. மாதா உன்னோடு இருப்பாளாக.

உன்னிடம் இனி ஒன்றும் ஒளிக்காத அம்மா,
பெர்னடெட்