ஒரு மணி நேரம் இறுக்கிய போல்ட்

லொரெய்ன்,

அடுப்பில் ஆட்டுக்கறி வேகிறது. ஐந்து மணிக்கு அணைத்துவிடு.

"தெரியாத வேலைய ஏன் தொடுற? என் தம்பியக் கூப்பிடு" என்று நேற்று நீ சொன்னபோதே ட்ரெவரைக் கூப்பிட்டிருக்கலாம். வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற அவிழ்க்க வேண்டிய மேல் போல்ட் எஞ்சினுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத இடுக்கில் இருக்கிறது. இன்றும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கையை மட்டும் நுழைத்து, ஒரு மணி நேரம் முக்கினேன். கையும் மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு நோலீன்தான் சோப்புத் தண்ணீர் ஊற்றி உருவிவிட்டாள்.

"போல்ட்டுக்குப் பின்பக்கமா படுத்துக்கிட்டு எந்தப் பக்கம்யா திருப்புன?" என்று கேட்டாள். பின்னாலிருந்து திருப்பினால் திசை மாறிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாளை உன் கண் ஆபரேஷனுக்கு வண்டி ஓடியாக வேண்டும். ட்ரெவரைக் கெஞ்சிக் கூட்டிவரப் போகிறேன், உன் சைக்கிளில்.

டாரில்

பி.கு.: நேற்று நான் கத்தியது போல்ட்டைப் பார்த்து. உன்னைப் பார்த்து இல்லை.

இல்லை, உன்னையும்தான். மன்னித்துவிடு.