வெண்டைக்காய்க்குப் பரஸ்தானம்

அடி அண்ணாமலை,
13 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கவிநிலா எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். முந்தாநாள் போனில் அவ்வளவு சத்தம் போட உடம்பில் தெம்பு இருந்ததே.

போனை எடுத்தால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. அதனால்தான் இந்தக் கடுதாசி. நாளைக்கு வருஷப் பிறப்பு என்றாலும் லோடுக்கு லீவு கிடையாது. காகிதங்கள் வைக்கிற உறையில் இதையும் செருகி அனுப்புகிறேன். ஷார்ஜா கிடங்கில் நம் வெண்டைக்காயை இறக்கிச் சரிபார்ப்பது நீங்கள்தானே, அதனால் உங்கள் கைக்குத்தான் வந்து சேரும். எந்தத் தபாலும் இவ்வளவு வேகமாக வராது.

காயைப் பெட்டி கட்டி அனுப்புகிற நம் ஷெட் நன்றாக நடக்கிறது. குளிர் அறைக்குப் புது மோட்டார் போட்டாயிற்று. இப்போது பெட்டிக்குப் பெட்டி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். அங்கே யாராவது போனை அதன்மேல் காட்டினால், காய் யார் தோட்டத்தில் பறித்தது என்று படத்தோடு வரும். பக்கத்து வீட்டு ஆராயி அக்காவுக்கு அதில்தான் வருத்தம். "துபாய்க்காரன்லாம் பார்ப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூக்குத்தி போட்டுனு வந்திருப்பேன்ல" என்று தினமும் ஒரு பாட்டு.

போன வாரம் காய் கறுத்துப் போய் இறங்கியது என்றீர்கள். இங்கே ஏற்றும்போது அது பச்சைப்பசேலென்று இருந்தது மாமா. நடுவில் என்னதான் ஆகிறது என்று கொஞ்சம் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

ஷார்ஜாவுக்குக் கிளம்பும் முன்னால் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "ரெண்டு வருஷம் பார்ப்போம். உன் ஷெட்டு நின்னுச்சுன்னா நான் வந்துடறேன். நிக்கலைன்னா பூட்டிட்டு நீ வந்துடு." ஜூனில் ரெண்டு வருஷம் முடிகிறது. எனக்கு இந்த மலையை விட்டுவிட்டு வர மனசில்லை. உங்களை விட்டுவிட்டு இருக்கவும் முடியவில்லை.

இப்படிக்கு,
கவி


ஷார்ஜா,
18 ஏப்ரல் 2025

அன்புள்ள கவிக்கு,

உன் கடுதாசியைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடியே படித்தேன். ரியாசுதீன் பாய், "யாருக்குப்பா காய்கறியோட லவ் லெட்டர் வருது" என்று கிண்டல் செய்தார். நம் ஊர்த் தேரடித் தெருவில் இவர்கள் பாத்திரக்கடை வைத்திருந்தார்களே, அந்த பாய்தான். இங்கே என்னோடுதான் வேலை செய்கிறார்.

நீ ஒவ்வொரு லோடிலும் ஒரு பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைக்கிறாயே, லாகர் என்பார்களே, அது வழியெல்லாம் எத்தனை டிகிரி என்று பதிந்துகொண்டே வருகிறது. கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு கோடாகக் காட்டும். உன் குளிர் அறையில் கோடு நேராக இருக்கிறது. விமானத்திலும் பெரிய மோசமில்லை. ஆனால் கிளம்புகிற நேரத்தில் மட்டும் திமில்போல எழும்பி, அப்புறம் இறங்குகிறது. குளிர்ந்த காய்மேல் அனல் பட்டால் வியர்க்கும். வியர்த்த காய் கறுத்துவிடும்.

காயை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகிற அருள்ராஜின் வண்டியில் கூலிங் சரியாக வேலை செய்கிறதா என்று பார். முதலாளி முகம் இப்போதே சரியில்லை. பழைய லாகர்களை வாராவாரம் கூரியரில் உனக்குத் திருப்பி அனுப்புகிறோமே, அந்தப் பொட்டலத்தில்தான் இந்தக் கடிதமும் வருகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

ஆதவன்


அடி அண்ணாமலை,
23 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்தாயிற்று. வண்டியில் ஒரு குறையும் இல்லை. அருள்ராஜுக்குத்தான் கோபம். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அவ்வளவு துடைத்துவிட மாட்டார், அந்த வண்டியைப் போய்ச் சந்தேகப்பட்டால் வராதா?

உங்கள் லாகருக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் வெயிலாக இருக்கும். இங்கே நடந்தால் செருப்பு தாரோடு ஒட்டுகிறது. காயைச் சாயங்காலமே பறித்து ராத்திரி முழுக்கக் குளிரில் வைக்கிறோம். இதற்குமேல் நான் என்ன செய்ய?

அங்கே மாம்பழம் ஜாஸ்தி விலையாமே. ஊரில் இருந்தால் மரத்தடியில் நின்று தின்னலாம். சும்மா சொன்னேன்.

கவி


ஷார்ஜா,
29 ஏப்ரல் 2025

அன்புள்ள கவிக்கு,

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். நீ கோபப்படாமல் படிக்க வேண்டும்.

நீ அனுப்பிய திங்கட்கிழமை லோடு, வியாழக்கிழமை லோடு எல்லாவற்றின் கோடுகளையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். திங்களன்று திமில் எப்போதும் காலை ஆறிலிருந்து ஏழரை வரை. வியாழனன்று பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. வண்டி கெட்டுப்போனால் இப்படி நேரம் பார்த்தா கெடும்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

டீ குடிக்க வந்த பாய் அதைப் பார்த்தார். "இது இங்கத்து டைம்ப்பா. நம்ம ஊரு டைமுக்கு ஒன்றரை மணி நேரம் கூட்டிப் பாரு" என்றார். கூட்டினேன். திங்கள் ஏழரை முதல் ஒன்பது. வியாழன் ஒன்றரை முதல் மூன்று. பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வியாழக்கிழமை ஒன்றரைக்கு எங்க கடையில ஒருத்தரும் கல்யாணப் பாத்திரம் எடுக்க மாட்டாங்க. அத்தா அப்பதான் சாப்பிடவே போவாரு. இது ராகு காலம்ப்பா" என்றார்.

இது யார் வேலை என்று எனக்குத் தெரியும் கவி. நான் விமானம் ஏறக் கிளம்பிய அன்றைக்கு வாசல்வரைகூட வராமல் உள்ளேயே உட்கார்ந்திருந்த ஆள் நீ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மே 13 அன்று இங்கே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்காரர்கள் நேரில் வருகிறார்கள். நீ 12ஆம் தேதி ஏற்றுகிற லோடைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க ஆர்டர். கறுத்திருந்தால் உன் காய் இனி வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்புறம் நீ ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

கொஞ்சம் முன்னதாகவே கிளப்பிவிடக் கூடாதா?

ஆதவன்


அடி அண்ணாமலை,
4 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஆமாம். நான்தான்.

முன்னதாகக் கிளம்பினால் சென்னை ஏர்போர்ட்டில் நேரத்துக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள். காய் வெளியே வெயிலில் கிடக்கும். அதனால் திங்களன்று ஏழரைக்கும் வியாழனன்று ஒன்றரைக்கும்தான் கிளப்ப வேண்டும். சரியாக அந்த நேரத்தில் ராகு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதவைச் சாத்திவிட்டால் பயணம் தொடங்கியதாகிவிடும் என்று ஒரு பெட்டியைக் கீழே வைத்து, கதவைத் திறந்தே போட்டு, ராகு காலம் முடியும்வரை காத்திருக்கிறோம். டீசல் வீணாகிறதென்று அருள்ராஜ் கூலிங்கை நிறுத்திவிடுகிறார். அதன்பிறகு விரட்டிக்கொண்டு போய் நேரத்துக்குச் சேர்த்துவிடுவார். இதில் காய் வியர்க்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுபடி குளிர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு, "கொஞ்ச நேரம் பொறுத்துப் போங்க"ன்னு உங்களிடம் எவ்வளவு கெஞ்சினேன்? ராகு காலத்தில்தான் படியிறங்கினீர்கள். ரெண்டு வருஷம் ஆகப் போகிறது, திரும்பி வரவில்லை. நான் எப்படி மாமா நம்பாமல் இருப்பேன்? அந்த நேரத்தில் அனுப்பிய எதுவும் என் கைக்குத் திரும்பாது என்று உள்ளே ஒரு பயம். அது வெண்டைக்காய் ஆனாலும்தான்.

இன்னொரு தலைவலியும் இருக்கிறது. 12ஆம் தேதி சித்ரா பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து பாஸ் வாங்கியிருக்கிறேன். காலை எட்டு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். ஒன்பது வரை காத்திருந்தால் அன்றைக்கு வண்டியே போகாது. காத்திருக்காமல் அனுப்ப எனக்குக் கை வராது. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய?

கவி


ஷார்ஜா,
6 மே 2025

அன்புள்ள கவிக்கு,

இந்த முறை நான் சிரிக்கவில்லை.

நீ உள்ளே உட்கார்ந்திருந்தது கோபத்தில் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் என்று இப்போதுதான் தெரிகிறது. அன்றே தெரிந்திருந்தால் சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருப்பேன், விமானம் போனால் போகட்டும் என்று.

ராகு காலத்தைப் பற்றி நான் இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இது உன் ஷெட், உன் லோடு. உன் மனசுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். காய் எப்படி வந்து இறங்கினாலும் நான் உன் பக்கம்தான் நிற்பேன்.

ஆதவன்


அடி அண்ணாமலை,
14 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்றே நீங்கள் பெட்டியைப் பிரித்திருப்பீர்கள். போன் செய்து கேட்கக் கை துறுதுறுத்தது. கடுதாசியிலேயே தெரிந்துகொள்வோம் என்று அடக்கிக்கொண்டேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்தே பாதை நிறைய ஜனம். பறித்த காயைத் தலையில் வைத்துக்கொண்டு நம் பெண்கள் கூட்டத்துக்குள் நுழைந்து வந்தார்கள். மலையைச் சுற்றுகிறவர்கள் பாதிப் பேர், ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். இந்தக் களேபரத்தில் காலையில் பெட்டி கட்டி முடிக்கவே ஏழு மணியைத் தாண்டிவிட்டது. ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஏற்ற இன்னும் பத்துப் பெட்டி இருக்கிறது. ஏழரை ஆகப் போகிறது. அருள்ராஜ், "அக்கா, எங்க சர்ச்ல ராகு காலம்லாம் இல்ல. நீங்க சொல்லுங்க, நான் எடுக்கறேன்" என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பரஸ்தானம் ஞாபகம் வந்தது. நேரம் சரியில்லாதபோது ஊருக்குப் போகிறவர்கள், தங்கள் சாமான் ஒன்றை முன்கூட்டியே நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் அல்லவா? பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன்பிறகு எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. மனுஷருக்கு உண்டென்றால் காய்க்கு இருக்கக் கூடாதா?

கட்டாமல் மீந்திருந்த வெண்டைக்காயில் ஒரு பிடி எடுத்து, தட்டில் மஞ்சளோடு வைத்துக்கொண்டு ஆராயி அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் வாயைப் பிளந்துவிட்டார். "ஏன்டி, வெண்டைக்காய்க்கா பரஸ்தானம்?" என்றார். ஆனால் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வச்சுட்டா பயணம் நிக்கக் கூடாது. போ, போய் வண்டியை அனுப்பு" என்றார்.

வந்து மீதிப் பெட்டிகளை ஏற்றிக் கதவைச் சாத்தினேன். கூலிங் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி கிளம்பியபோது ராகு காலம் பிறந்துவிட்டிருந்தது. அருள்ராஜ் தலையை வெளியே நீட்டி, "இத மொதல்லயே பண்ணியிருந்தா நான் இத்தினி நாளு வெயில்ல குந்தினு இருந்திருக்க மாட்டேன்ல" என்றார்.

வண்டி எங்கே போகிறது, உள்ளே எத்தனை டிகிரி என்று போனில் தெரிகிறதே, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தைத் தாண்டிற்று. ஒன்பது டிகிரி. கீழ்பென்னாத்தூர். ஒன்பது டிகிரி. செஞ்சி தாண்டியும் அதே ஒன்பது. எனக்கு முதல் தடவையாக அந்த நேரத்தின் மேல் இருந்த பயம் போயிற்று.

பரஸ்தானத்தை வழியில் எடுத்துக்கொண்டு போவதுதான் முறை. அதற்கு வண்டி நிற்க முடியாதே. ஆராயி அக்கா அதைப் புளிக்குழம்பில் போட்டுவிட்டார். சாமிக்குப் படைத்ததுபோல ருசியாக இருந்ததாம். சாயங்காலம் நானும் ஜனத்தோடு ஜனமாக மலையைச் சுற்றி வந்தேன். உங்களுக்காகவும் சேர்த்துத்தான் நடந்தேன்.

கவி


ஷார்ஜா,
16 மே 2025

என் கவிக்கு,

பெட்டியைப் பிரித்தபோது காய் அப்போதுதான் செடியிலிருந்து கிள்ளியதுபோல இருந்தது. சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வந்த அம்மாள் ஒன்றை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார். டக்கென்று ஒடிந்தது. ஸ்டிக்கர்மேல் போனைக் காட்டினார், ஆராயி அக்கா வந்தார், மூக்குத்தி இல்லாமல்தான். வருஷ ஆர்டர் உனக்குத்தான். லாகரின் கோடு குளிர் அறையிலிருந்து இங்கே வரைக்கும் நேராக இருக்கிறது. அதைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ரியாசுதீன் பாய், "திங்கக்கிழமை ராகு காலத்தை எங்கப்பா காணோம்" என்று தேடுகிறார். உன் கடுதாசியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அத்தாவின் கடைக்கு இந்த யோசனை தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார்.

உன் ஷெட் நிலைத்து நின்றுவிட்டது. சொன்ன சொல்லை நானும் காப்பாற்ற வேண்டும். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இங்கே இறக்க வேறு ஆள் வருகிறார். அங்கே உன்னோடு ஏற்ற நான் வருகிறேன்.

டிக்கெட் ஜூன் 20, வெள்ளிக்கிழமை. அறையைவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தைப் பார்த்தேன், பதினொன்று. வெள்ளிக்கிழமை பதினொன்று என்ன நேரமென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றப் பார்த்தேன், முடியவில்லை.

அதனால் பாய் நல்ல நேரம் பார்த்துச் சொன்னார். அந்த நேரத்தில் இந்தப் பொட்டலத்தைக் கட்டினேன். லாகர்களுக்கு அடியில் ஒரு நீலச் சட்டை இருக்கும். அன்றைக்குப் படியிறங்கியபோது நான் போட்டிருந்தது. பரஸ்தானம் வைத்துவிட்டேன் கவி. இனிப் பயணம் நிற்காது.

சட்டையை ஆராயி அக்கா வீட்டில் கொடுத்துவிடாதே, குழம்பில் போட்டுவிடப் போகிறார். நம் வீட்டுக் கொடியிலேயே போட்டுவை. வந்து மாட்டிக்கொள்கிறேன்.

உன்
ஆதவன்