கெடவே கெடாத மிஷின்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் உடம்பும் உன் வேலையும் நன்றாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை, இரண்டும் ஒரே சமயத்தில் நன்றாக இருப்பதில்லை என்பது என் அனுபவம், அதனால் உடம்பை முதலில் பார். இங்கே நானும் அப்பாவும் நலம். வீடும் நலம், கொஞ்சம் அதிகமாகவே நலம், அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ தீர்வு சொல்லிவிடுவாய், நீ படித்த படிப்பு அப்படி. கடிதத்தில் அந்த வசதி இல்லை, கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சில்லறைச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகியது, பிளம்பர் வந்து சரிசெய்தார், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது, அவர் மேல் குற்றம் இல்லை, தண்ணீர் எங்கேயாவது போகத்தானே வேண்டும். என் முழங்காலுக்கு டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தால் வலிக்கிறது என்றேன், வலித்தால் நிற்கச் சொன்னார், இதற்கு ஏழு வருஷம் படித்திருக்கிறார். நீ அனுப்பிய படத்தில் இளைத்திருக்கிறாய். வெளிச்சம் அப்படி என்று சொல்லாதே, வெளிச்சம் கன்னத்தை மட்டும் தின்னாது. நின்றுகொண்டே சாப்பிடுவதை விடு. மாடியில் குடியிருக்கும் தையற்காரரின் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் வந்து நீயும் அப்பாவும் சேர்ந்து மாற்றியமைத்த வீடியோ கேம் மிஷினில் விளையாடுகிறார்கள். விளையாடுகிறார்கள் என்று சொல்வது பெரிய வார்த்தை. அதில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஏற்றிவைத்திருக்கிறாய் அல்லவா, ஒன்றைத் திறக்கிறார்கள், பார்க்கிறார்கள், மூடுகிறார்கள், அடுத்ததைத் திறக்கிறார்கள். துணிக்கடையில் எதையும் வாங்காமல் எல்லாப் புடவையையும் பிரிக்கச் சொல்கிற வாடிக்கையாளர் மாதிரி. பழைய மிஷினில் ஒரே ஒரு ஆட்டம், கீழே விமானம், மேலேயிருந்து வரிசையாக எதிரிகள், அதற்கு நம் கேம் கடை வாசலில் வரிசை நின்றது.

விஷயம் இதுதான், உன் பெரியப்பா ஊரை விட்டுப் போய்விட்டார். தன் மகள், அதுதான் உன் அக்கா, அவள் வீட்டோடு இருக்கப் போயிருக்கிறார், போன வாரம். போய்வரப் போகவில்லை, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார். நல்லதுதானே, தனி ஆள், மகளோடு இருக்கட்டும் என்று உனக்குத் தோன்றும். ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அக்காகூட போனில் எனக்கு நன்றி சொன்னாள், நான் எத்தனை வருஷமா கூப்பிட்டேன் சித்தி, அந்த மிஷினை யார் பாக்கறதுன்னு ஒரே பதில், நீங்கதான் ஒரு வழி பண்ணினீங்க என்றாள். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இன்னும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

உனக்கு இதில் பாதி தெரியாது, தெரிந்திருக்க வழியில்லை, நீ விடுதிக்குப் படிக்கப் போன பிறகு நடந்தது. அண்ணனும் தம்பியுமாகச் சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்தில் நடத்திய கேம் கடையை மூடும்போது ஒரு சண்டையும் நடக்கவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. பிள்ளைகள் எல்லாம் போனிலேயே விளையாட ஆரம்பித்துவிட்டார்கள், மூடிவிடலாம் என்றார் அப்பா. இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்றார் பெரியப்பா. அப்பா சொன்னபடி நடந்தது. கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். இரண்டு பேரும் மரியாதையாக இருந்துவிட்டார்கள், மரியாதை ஒருமுறை நடுவில் வந்து உட்கார்ந்தால் லேசில் எழுந்து போகாது. அதன் பிறகு வீடு, உடம்பு, பணம், பிள்ளைகள் எதைப் பற்றியும் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. மிஞ்சிய ஒரு மிஷின் நம் வீட்டு முன்னறைக்கு வந்தது, நம் வாசற்கதவு அகலம் என்பது காரணம். அதன் பின்கதவுச் சாவி அவரிடம் போயிற்று, ரிப்பேர் அவர் வேலை என்பது காரணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு வருவார். நம்மை நலம் விசாரிக்க மாட்டார், நேராக மிஷின் முன்னால் நின்று இருமுதா என்பார். நேத்துலேர்ந்து என்பார் அப்பா. காய்ச்சல் இருக்கா என்பார். பின்பக்கம் தொட்டா சுடுதுண்ணே என்பார் அப்பா. அவ்வளவுதான், சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டால் மத்தியானம் வரைக்கும் இரண்டு பேருக்கும் பேச்சு ஓயாது, ஒயர், போர்டு, பட்டனுக்கு அடியில் இருக்கிற சுவிட்ச், இப்படி. நடுநடுவே ஒயர் வெட்டுகிற சாக்கில் இவர் ரத்தக் கொதிப்பு மாத்திரை போடுகிறாரா என்று அவர் தெரிந்துகொள்வார், அவர் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்று இவர் தெரிந்துகொள்வார். சாப்பிட்டுப் போங்க என்றால் வேண்டாம் என்பார், யார் வீட்டிலும் சும்மா சாப்பிடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சால்டர் வெச்ச இடம் ஆறட்டும், அதுவரைக்கும் வேணா ஒரு வாய் என்று தட்டின் முன்னால் உட்காருவார். வைத்த ஈயம் ஆற ஒரு நொடி போதும் என்று எங்கோ படித்தேன். நம் வீட்டில் அதற்கு ஒரு முழுச் சாப்பாடும் ஒரு டம்ளர் மோரும் தேவைப்பட்டது.

அவர் கை நடுங்க ஆரம்பித்ததை நீ வந்திருந்தபோது பார்த்தாய். சால்டர் கம்பி விரலில் பட்டுக் கொப்பளித்ததையும் பார்த்தாய். பாவம், இந்த வயசில் அவரை ஏம்ப்பா கஷ்டப்படுத்தறீங்க, உள்ளே இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வெச்சா ரிப்பேரே வராது என்று நீ சொன்னது பாசத்தில் சொன்னது. அப்பா ஒத்துக்கொண்டதும் பாசத்தில் ஒத்துக்கொண்டது. வேலை நடந்தபோது நான் டார்ச் பிடித்ததும் அதே பாசத்தில்தான். இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர்கூடக் கிடையாது, இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பெரியப்பா கண் ஆபரேஷனுக்காக அக்கா வீட்டுக்குப் போயிருந்த நாட்களில் வேலை நடந்தது, வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று. உண்மையைச் சொல்கிறேன், அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து வெகு காலம் ஆயிற்று. எண்ணெய் டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நீ அங்கிருந்து சொல்லச் சொல்ல இவர் இங்கே கழற்றக் கழற்ற, பிக்சர் ட்யூப்பைத் தொடாதீங்க, அணைச்சு வெச்சாலும் உள்ளே ஷாக் ஒளிஞ்சிருக்கும் என்று நீ கத்த, ஒளிந்துகொண்டிருக்கிற ஷாக்கை நான் டார்ச் அடித்துத் தேட, முன்னறையே கல்யாண வீடு மாதிரி இருந்தது. தினமும் கூப்பிட்டாய். பட்டன் ஒயர்களை எல்லாம் நீ அனுப்பிய பச்சைப் பலகையில் அப்பா ஒவ்வொன்றாகச் செருகிக் காட்ட, இடதும் வலதும் மாறிப்போய் விமானம் எதிர்ப்பக்கமே பறந்ததற்கு நீ சிரித்த சிரிப்பு தெரு வரை கேட்டிருக்கும். பின்கதவுச் சாவி இல்லையே என்றபோது பூட்டைத் துளை போட்டு எடுக்கச் சொன்னாய், எடுத்தார், அந்த இடத்தில் காந்தம் வைத்த தாழ்ப்பாள் போட்டார். ட்யூப், போர்டு, பழைய ஒயர் எல்லாம் பழைய சாமான் வண்டியில் ஏறிப் போயிற்று. வேலை முடிந்தது. முடிந்த மறுநாளிலிருந்து நீயும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். குறை சொல்லவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன். நம் குடும்பத்தில் யாரும் யாரையும் சும்மா பார்க்க வருவதில்லை.

ஆபரேஷன் முடிந்து அவர் திரும்பி வந்த ஞாயிறு, கறுப்புக் கண்ணாடியும் கையில் பையுமாக நின்றார். அப்பா மிஷினைப் போட்டார், படம் பளிச்சென்று வந்தது. நல்லாருக்கு என்றார் பெரியப்பா. பின்பக்கம் போய் சாவியை எடுத்தார், பூட்டு இருந்த இடத்தைப் பார்த்தார், சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். அப்பா காந்தக் கதவை ஒரு விரலால் திறந்து காட்டினார், அதில் அவருக்குப் பெருமை. அவ்வளவு பெரிய பெட்டி, உள்ளே பூராவும் வெறும் இடம், நடுவில் சோப்பு டப்பா அளவுக்கு நீ அனுப்பின கம்ப்யூட்டர். இது எப்ப கெடும் என்று கேட்டார் பெரியப்பா. கெடவே கெடாதுண்ணே என்றார் அப்பா, பிள்ளைக்கு முதல் மார்க் வந்ததைச் சொல்கிற குரலில். இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம் என்று சேர்த்து வேறு சொன்னார். பழைய போர்டு எங்கே என்றார் பெரியப்பா. போட்டாச்சு என்றார் அப்பா. ஓ என்றார். சாப்பிட்டுப் போங்க என்றேன். இல்லம்மா, வேலை ஒண்ணும் இல்லையே என்றார். மறுநாள் அப்பா ஒன்றும் சொல்லாமல் பழைய சாமான் கடைக்குப் போய் வந்தார். அங்கே அதை உடைத்துச் செம்பு தனியாக எடுத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. கண்ணுக்கு வெயில் ஆகாது என்றார் அப்பா. வானம் மூடியிருந்த ஞாயிறும் வரவில்லை. அப்புறம்தான், பெரியப்பா தன்னோடு இருக்க ஒத்துக்கொண்டார் என்று அக்காவின் நன்றி வந்தது. அன்று அப்பா மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து என்னவோ செய்தார், மாடித் தையற்காரரிடம், பட்டன் ஒண்ணு வேலை செய்யலைன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க என்று சொல்லி அனுப்பினார். சொல்லப் போனவர் திரும்பி வருவதற்கு முன்னாலேயே பெரியப்பா வந்துவிட்டார், சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு. வந்தவர் கேட்டார், இருமுதா என்று. எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், வெகு நேரம் பார்த்தார். தானா கழண்ட ஒயர் இப்படித் தொங்காது, இது கையால புடுங்கினது என்றார். அதைத் திரும்பச் செருகினார், அதற்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. உனக்கு ஒரு பொய்கூட ஒழுங்கா சொல்ல வராதுடா, அதனாலதான் நம்ம கடை ஓடலை என்றார்.

அப்பா சிரித்தார். அவரும் சிரித்தார். கடையை மூடிய பிறகு கடை என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான். நான் அடுப்படி வாசலில் நின்றேன். இப்போது அப்பா சொல்லிவிடுவார், போகாதீங்கண்ணே, இங்கேயே இருங்க என்று ஒரு வரி, அதற்கு மிஷினும் வேண்டாம் ஒயரும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்பா தொண்டையைக் கனைத்தார். அந்தப் பக்கத்து ஸ்க்ரூவை டைட் பண்ணிடட்டுமா அண்ணே என்று கேட்டார். பெரியப்பா காந்தக் கதவை மூடினார். பண்ணு என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பஸ் ஏற்றிவிட அப்பா மட்டும் போனார். திரும்பி வந்தவரிடம் அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். பஸ் சீட்டு ஆடுதுன்னார் என்றார். நீங்க என்ன சொன்னீங்க என்றேன். போல்ட்டு லூசா இருக்கும்னேன் என்றார். அப்புறம் முகம் கழுவப் போய் வெகு நேரம் வரவில்லை, ஒழுகுகிற குழாயில் அவ்வளவு நேரம் கழுவ எப்படித் தண்ணீர் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். மிஷின் நன்றாக ஓடுகிறது.

இதைப் படித்ததும் பெரியப்பாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். கேட்டால் எதுக்கும்மா என்பார், நீ விளக்க வேண்டிவரும், அவருக்கு அதைவிடக் கஷ்டம் இல்லை. அப்பாவிடமும் இதைக் கிளறாதே, அவரைச் சும்மா கூப்பிட்டுப் பேசு, என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் பேசு, எங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் வரவில்லை, உனக்காவது வரட்டும். நேற்று அக்காவைக் கேட்டேன், பெரியப்பா எப்படி இருக்கிறார் என்று. நல்லா பாத்துக்கறோம் சித்தி, ஒரு வேலையும் செய்ய விடறதில்லை என்றாள். அவள் வீட்டில் பிரிட்ஜ், மிக்சி, மின்விசிறி எல்லாம் புத்தம் புதுசு. அதுதான் எனக்குக் கவலை.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன்னைத் தேடி ஆட்கள் காரணமில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். லீவுக்கு வரும்போது முதலில் அக்கா வீட்டுக்குப் போய் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு அப்புறம் இங்கே வா. வெறுங்கையோடு போகாதே, இனிப்பும் வேண்டாம். ரிப்பேரான சாமான் ஏதாவது ஒன்று கொண்டுபோ. அது தானாகவே கெட்டதாக இருக்கட்டும், நீ கை வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா