முனை மழுங்கிய ஏழு அம்புகள்

நீ கேட்டுக்கொண்டதற்காக மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இதற்கு மேல் என்னால் முடியாது கண்ணு. யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ சொன்ன அந்த ஒன்றைச் சொல்வதா, உன்னோடு போகட்டும் என்று விட்டுவிடுவதா என்று ஒரு வாரமாக எனக்குள்ளேயே சண்டை. நீ இருந்திருந்தால், “சண்ட போட வேற ஆளு கெடைக்கலியா மாமா?” என்று கேட்டிருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நகவெட்டியைத் தேடி மேசை இழுப்பறையைக் குடைந்தபோது அந்த ஸ்டிக்கர் ரோல் கையில் சிக்கியது. இத்தனை நாளாகியும் பசை வாசனை போகவில்லை. உனக்கு விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பனியன் கம்பெனி செக்கிங்கில் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்டுப்போன இடம் என்று எது தென்பட்டாலும் அதன்மேல் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவோம். இந்த ரோல் வெட்டும்போதே கோணலாகிவிட்டது. ஒவ்வோர் அம்புக்கும் இடது பக்க முனை மழுங்கியிருக்கும். சப்ளையரோடு சண்டை போட ஆதாரம் வேண்டுமென்று வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். அந்தச் சண்டையைப் போட்டு முடித்தும் ரோலைத் தூக்கி எறியவில்லை.

உன் அம்மா எங்கள் கம்பெனியில் செக்கிங். நான் குவாலிட்டி. எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் தைத்ததில் பிழை தேடுகிறேன். நான் உட்கார வேண்டிய மேனேஜர் நாற்காலியில் முதலாளியின் மச்சான் உட்கார்ந்திருக்கிறான். சிவகங்கைப் பக்கத்திலிருந்து உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் தெருவுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியேறிய உன் அம்மா முதல் நாளே என்னை “அண்ணே” என்று கூப்பிட்டார். அதனால் நான் உனக்கு மாமா. நீயும் என் மகளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

பிளஸ் ஒன் சேர்ந்த மூன்றாம் மாதம் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஒரு புதன் விட்டு ஒரு புதன் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் கூட்டிப்போனால் தொற்று வந்துவிடும் என்று என் பழைய காரை எடுத்தேன். முதல் புதன்கிழமை அவினாசி ரோட்டில் போகும்போது நீ கேட்டாய்.

“மாமா, லீவு குடுத்தாகளா?”

“அந்த மேனேஜரு முடியாதுன்னான். அதுக்காகவே போட்டேன்.”

“அப்ப எனக்காக இல்லியா?”

“உனக்காகவுந்தான் கண்ணு.”

“‘உம்’முன்னு ஒண்ணு சேத்தீங்கள்ல, அது போதும்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாய். பின்சீட்டில் உன் அம்மா, “பெரியவுக கிட்டப் பேசுற பேச்சாடி இது?” என்று முதுகில் ஒன்று வைத்தார். வலிக்காமல்தான் வைத்தார். அப்போதே உன்னை அடிக்க எல்லோருக்கும் பயமாகிவிட்டிருந்தது.

அந்தப் பயணங்களில் என் கோபங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, துணியின் பிழைக்குப் போடுவதுபோல் மைனர், மேஜர், கிரிட்டிக்கல் என்று நீ கிரேடு போட்டாய். செக்கிங்காரியின் மகள் அல்லவா. கல்யாணத்துக்கு அழைக்காத சித்தப்பா மகன் மைனர். அப்பாவின் தோட்டத்தில் வழி விடாத பங்காளி மேஜர். மேனேஜர் மச்சான் மட்டும் கிரிட்டிக்கல். “இத்தன ரிஜெக்ட்ட வெச்சுக்கிட்டு எப்பிடி மாமா தூங்குறீங்க?” என்றாய். வேறு யார் கேட்டிருந்தாலும் அவரையும் பட்டியலில் சேர்த்திருப்பேன்.

நர்ஸ்களுக்கும் நீ பெயர் வைத்திருந்தாய். சர்ரென்று ஊசி போட்டுவிட்டுப் போகிறவர் ஓவர்லாக் மிஷின். தடவித் தடவி நரம்பைத் தேடுகிறவர் கைத்தையல். முதுகில் போடும் ஊசிக்கு உன்னை முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுக்கச் சொல்வார்கள். ஒருமுறை உன் அம்மாவால் பார்க்க முடியாமல் என்னை உள்ளே அனுப்பினார். நீ கண்ணை மூடிக்கொண்டு தனிம வரிசை அட்டவணையை ஹைட்ரஜனிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாய். கால்சியத்தில் குரல் உடைந்தது. டாக்டர் கையை நிறுத்தினார். “நிறுத்தாதீங்க சார், இருவதோட முடியல, இன்னும் நெறைய இருக்கு” என்றாய். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மருந்தில் முடி கொட்டியது. ஸ்டீராய்டில் முகம் உப்பியது. கட்டிங்கில் மிஞ்சிய துணியில் உன் அம்மா தைத்துக்கொடுத்த நீலத் தொப்பியோடு நீ பள்ளிக்குப் போனாய். ஒரு மத்தியானம் டெஸ்க்கில் தலைவைத்துத் தூங்கியபோது தொப்பி நழுவியிருக்கிறது. யாரோ போனில் படம் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் செக்கிங் டேபிளுக்கு வந்து உன் அம்மா தன் போனை நீட்டினார். “அண்ணே, இது என்னான்னு பாருங்க. ஸ்கூல் புள்ளைக போன்ல பூரா சுத்துதாம்.” உன் படத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, அதன்மேல் நிஜ அம்பு ஸ்டிக்கர்களை ஒட்டி, அதை மறுபடி படம் பிடித்து வாட்ஸப் ஸ்டிக்கராக்கியிருந்தார்கள். தலைக்கு ஓர் அம்பு, ஓட்டை. கன்னத்துக்கு ஓர் அம்பு, ஓவர்சைஸ். மொத்தம் ஏழு. அடியில் ரிஜெக்ட் என்று எழுதியிருந்தது. பனியன் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இப்படித் தோன்றும். இரண்டு செக்‌ஷன்களில் அன்று முழுதும் அதைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்திருக்கிறார்கள்.

எதையும் உற்றுப் பார்ப்பது என் தொழில் பழக்கம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு அம்புகளுக்கும் இடது முனை மழுங்கியிருந்தது.

“யாரா இருக்கும்ணே?” என்று உன் அம்மா கேட்டார்.

“தெரியலீங்கம்மா. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். ரோலின் முனையில் ஏழு இடம் காலி. என் மகள் அடுத்த அறையில் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. இழுப்பறையை மூடினேன். ஊரில் ஒவ்வொருவர் செய்ததையும் தேதியோடு நினைவில் வைத்திருப்பவனுக்கு, தன் மகளிடம் ஒரு கேள்வி கேட்கத் தைரியம் வரவில்லை.

அதைவிடக் கேவலம் மறுநாள் நடந்தது. உன் அம்மாவுக்குத் துணையாகப் பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். ஐந்து பேர் சேர்ந்த ஒரு தனிக் குழுவிலிருந்துதான் அது கிளம்பியது என்பதுவரை அங்கே தெரிந்துவிட்டது. நான்கு பெயர்கள் வந்தன. ஐந்தாவது யாரென்று அந்த நால்வரும் வாயைத் திறக்கவில்லை. “பரீட்சை நேரம் சார், பெரிசு பண்ண வேண்டாம், நாங்க கண்டிச்சுக்கறோம்” என்றார்கள். அவர்கள் மூடி மறைத்தார்கள் என்று இன்றுவரை அந்தப் பள்ளியின் மேல் எனக்கு ஆத்திரம். அன்று அவர்கள் மூடியபோது எனக்கு மூச்சு வந்தது என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

அடுத்த புதன்கிழமை, கார் கருமத்தம்பட்டியைத் தாண்டியிருக்கும். உன் அம்மா பின்னால் தூங்கிவிட்டார். நீ தணிந்த குரலில் சொன்னாய்.

“மாமா, அந்த அம்பு ஒங்க வீட்டு ரோலுதான?”

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன். நீ எங்கள் வீட்டில் எத்தனையோ முறை அந்த இழுப்பறையில் பேனா தேடியிருக்கிறாய் என்பது அப்போதுதான் உறைத்தது.

“இன்னைக்கே கேக்கறேன் கண்ணு. உன்ற கால்ல வந்து உளுகச் சொல்றேன்.”

“வேண்டாம் மாமா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா வர மாட்டா. முன்னயெல்லாம் வாரத்துக்கு ஒருநா வருவா. இப்ப டெய்லி வாரா. ரெக்கார்டு நோட்டு பூரா அவதான் வரையிறா.”

“குத்த உணர்ச்சில வர்றா சாமி அவ.”

“இருக்கட்டுமே. வாராள்ல? வகுப்புல முக்காவாசிப் பேரு என் வீட்டு வாசலுக்கே வர்றதில்ல.”

எனக்கு ஆறவில்லை. “இதுக்கு என்ன கிரேடு போடுவ நீ? கிரிட்டிக்கல் இல்லியா இது?”

“பாஸ் பண்ணிட்டேன்.”

“அதெப்படிப் பாஸ் பண்ணுவ?”

“ஷிப்மெண்ட் டைட்டு மாமா. ஒங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். கப்பல் தேதி நெருங்கிவிட்டால் நானே எத்தனையோ பீஸை அப்படிப் பாஸ் பண்ணி அனுப்பியிருக்கிறேன். கோயம்புத்தூர் வரும்வரை நீதான் ரேடியோவைப் போட்டு, பிடிக்காத பாட்டுக்கெல்லாம் சேனல் மாற்றிக்கொண்டு வந்தாய். இறங்கும்போது, “சத்தியம்?” என்று கையை நீட்டினாய். நானும் கைமேல் கை வைத்தேன்.

அதன்பிறகு பதினோரு மாதம். அவள் தினமும் வந்தாள். நீங்கள் இருவரும் எதற்கோ சிரிக்கும் சத்தம் எங்கள் மாடிவரை கேட்கும். பிளஸ் டூ ஹால் டிக்கெட் கைக்கு வந்த வாரம் நீ போனாய்.

உன்னை ஊருக்குக் கொண்டுபோக வேன் வந்து நின்ற காலையில், அந்த நான்கு பேரும் மாலையோடு வந்தார்கள். நான் லைன் வீட்டு வாசலில் கையை விரித்து மறித்தேன். “ஊட்டுக்குள்ள கால் வெச்சீங்கன்னா நடக்கறதே வேற” என்று கத்தினேன். தெருவே பார்த்தது. உள்ளேயிருந்து உன் அம்மா, “விடுங்கண்ணே, புள்ளைகதான” என்றார். நான் விடவில்லை. அவர்கள் மாலையைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். திரும்பிப் பார்த்தேன். உன் கால்மாட்டில், உன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் மகள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டும் நான் வாசலைவிட்டு நகரவில்லை.

இப்போது உன் வகுப்புப் பிள்ளைகள் உன் நினைவுக்காக இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார்கள். பெயர் போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். அந்த நால்வரில் ஒருத்தி, நீ ஒரு தேவதை என்று எழுதியிருக்கிறாள். அதற்கு இருநூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஸ்டிக்கர் படத்தை இன்னமும் வைத்திருக்கிறேன். அதோடு சேர்த்துப் போட நான்கு பெயரையும் ஒரு தாளில் எழுதி முடித்தேன். எண்ணிப் பார்த்தேன். நான்குதான் இருந்தது. மூன்று வருடமாக என் மனதுக்குள்ளும் அந்தப் பட்டியல் நான்கோடுதான் நின்றிருக்கிறது.

நேற்று மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் தாளை நீட்டினேன்.

“அஞ்சாவது பேரையும் எழுதீரட்டுமா கண்ணு?”

அவள் தாளைப் பார்க்கவே இல்லை. “எப்பலிருந்துங்கப்பா தெரியும்?”

“அன்னைக்கே.”

தட்டில் கையை உதறினாள். அவளாகவே சொன்னாள். குழுவில் யாரோ பேச்சுக்குச் சொன்ன கேலியை, ‘நீதான் செய்யணும், உங்க ஊட்டுலதான் ஸ்டிக்கர் இருக்குது’ என்று அவர்கள் நெருக்கியிருக்கிறார்கள். ‘இல்லைன்னா அடுத்தது நீ’ என்றிருக்கிறார்கள். “பயந்துக்கிட்டு ஒட்டுனேன். ஒட்டறப்பச் சிரிச்சேன். அது பயமில்லீங்கப்பா” என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னாள்.

பிறகு நான் பயந்த கேள்வியைக் கேட்டாள். “அவளுக்கு?”

இங்கேதான் சத்தியத்தை மீறினேன். “தெரியும். மொத வாரமே தெரியும்.”

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். “தெரிஞ்சுட்டேவா என்ற மடீல தல வெச்சுப் படுத்துட்டு இருந்தா?” என்றாள். சின்ன வயதில் விழுந்து அடிபட்டுக்கொண்டு அழுத அதே அழுகை. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சமாதானம் சொல்லவில்லை. நீ என்னிடம் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பேரைப் போடுங்கப்பா. அஞ்சையும் போடுங்க” என்றாள்.

என் மகள் குற்ற உணர்ச்சியில் வந்ததையும், நான் வீம்புக்கு லீவு போட்டு வந்ததையும், வந்தார்களே என்று மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாய். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். என்னால் இன்னும் அப்படி இருக்க முடியவில்லை. அந்த நால்வர் மேல் கோபம் போகவில்லை, போகும் என்று தோன்றவும் இல்லை. ஆனால் எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

நாளைக் காலை ஷிஃப்டுக்கு முன்னால் நானும் மகளும் உன் அம்மாவைப் பார்க்கப் போகிறோம். தெரியலீங்கம்மா என்று நான் சொன்னது பொய் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் அடித்தாலும், கதவைச் சாத்தினாலும், இனி அண்ணே என்று கூப்பிடாமல் போனாலும் அது அவருடைய நியாயம். எங்கள் பெயர் தெரிய வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

இந்தப் பக்கத்தில் ஒரு பெயர் கிடைத்தால் பொழுது சாய்வதற்குள் அந்தப் பெயர்க்காரியின் படத்தைத் தேடி எடுத்து அம்பு ஒட்டுவார்கள். இன்று உனக்காக இதயம் போடுகிற கைகளே அதையும் செய்யும். ஊகிக்கிறவர்கள் ஊகிக்கட்டும். என்றைக்காவது தன் பெயரை இங்கே எழுத வேண்டும் என்று என் மகளுக்குத் தோன்றினால், அதை அவள் கையால் எழுதட்டும். நான் முந்திக்கொள்ள மாட்டேன். உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, பெயர் கேட்கும் கட்டத்தில் எதுவும் எழுதாமல் இதைப் பதிவிட்டுவிடுகிறேன் கண்ணு.