டீச்சர், லெஃப்ட்ல ஆட்டோ

வண்டி ஓட்டத் தெரியாமலே ஆயுசு முழுக்க வண்டி ஓட்டிய என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் நிம்மதியாகத்தான் இருப்பீர்கள். இருங்கள், இருங்கள். என்னை இங்கே மாட்டிவிட்டுப் போனவருக்கு நிம்மதிக்கு என்ன குறைச்சல்? உங்கள் பெண்டாட்டியோடு ஒரு மாதம் குப்பை கொட்டிப் பாருங்கள், தெரியும் என்று எழுத வந்தேன். ஆயுசு பூரா கொட்டினவரிடமே போய் இதைச் சொல்கிறேன் பாருங்கள், என் புத்தி!

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவைத் தனியாக விட மனசு வராமல் அடையாறு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மயிலாப்பூருக்கே வந்துவிட்டேன். பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் உங்கள் டீச்சர் நம் சிவப்புக் காருக்கு நாலு கண் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். விளையாட்டில்லை அப்பா. மவுண்ட் ரோடு பக்கம் ஏதோ கடையில் போய், முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒன்று, பக்கக் கண்ணாடிகளுக்கு அடியில் ஒவ்வொன்று. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை.

“இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?” என்று கேட்டேன்.

“இந்த வயசுலதான்டி வேணும்” என்றாள். ஸ்கூலில் பி.டி. டீச்சராக இருந்த தோரணை இன்னும் போகவில்லை. விசில் மட்டும்தான் ஊதவில்லை.

அந்தத் திரையில் ஒரு வித்தை இருக்கிறது. நாலு கேமராவில் விழுவதையும் ஒட்டுப்போட்டு, ஆகாசத்திலிருந்து யாரோ நம் காரைப் படம் பிடிப்பதுபோல் காட்டும். மாடி வீட்டு நாராயணன் சார் ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அண்ணாந்து மாமரத்தைப் பார்க்கிறார். “மேல எங்கம்மா கேமரா மாட்டியிருக்கு?” என்றார். அம்மா கொஞ்சமும் கூசாமல், “உங்க செஸ் பார்ட்னர் மேலதானே சார் இருக்காரு, அவர்தான் புடிச்சு அனுப்பறாரு” என்றாள். பாவம், மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

சரி, வாங்கியாயிற்று, போகட்டும் என்றால் அதோடு விட்டதா? ரிவர்ஸ் எடுத்தால் அது கத்துகிற கத்தலில் தெருவே எழுந்துவிடும். இஸ்திரி வண்டிக்குக் கத்தும், தூங்குகிற நாய்க்குக் கத்தும், காற்றில் ஆடுகிற செம்பருத்திக் கிளைக்குக்கூடக் கத்தும். அம்மாவோ ரோட்டைப் பார்க்காமல் நிமிஷத்துக்கு நிமிஷம் திரையைப் பார்க்கிறாள். “அம்மா, ரோட்டைப் பாரு” என்றால், “எனக்கு டிரைவிங் சொல்லித் தர்றியா நீ? லைசென்ஸை பீரோல வெச்சுப் பூட்டினவ” என்று என் மானத்தை வாங்குகிறாள்.

உங்கள் சீட்டில், அதுதான் அந்த இடது பக்கத்து முன் சீட்டில், யாரையும் உட்கார விடுவதில்லை. கைப்பையை அங்கே வைத்துக்கொண்டு என்னைப் பின்னால் ஏறச் சொல்வாள். ஐயோ பாவம், உங்கள் ஞாபகம் என்று நானும் வாயை மூடிக்கொண்டு பின்னால் ஏறினேன். நான் ஒரு அசடு.

உங்களோடு காரில் போவதே ஒரு தலைவலி, தெரியுமா? வாயை மூடினால்தானே! “டீச்சர், லெஃப்ட்ல ஆட்டோ. டீச்சர், லெஃப்ட்ல சைக்கிள் தாத்தா, ஆடிக்கிட்டே வர்றாரு. டீச்சர், குழந்தை, குழந்தை, நிறுத்து.” கச்சேரி ரோடு முழுக்க உங்கள் கச்சேரிதான். வண்டி ஓட்டத் தெரியாதவருக்கு எதற்கு இவ்வளவு வாய் என்று நானும், அத்தையும், ஏறின சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேலி பண்ணியிருக்கிறோம். “இதுலதாம்மா வண்டியே ஓடுது” என்று சொல்லிவிட்டு நீங்களும் சிரிப்பீர்கள்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். நீங்கள் இல்லாத முதல் வருஷம், பண்டிகை வேண்டாம் என்றேன். “பண்டிகை நமக்குத்தான் இல்ல, வண்டிக்கு என்ன தீட்டு?” என்று அம்மா வாளியும் துணியுமாக இறங்கிவிட்டாள். கழுவித் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தாள். ஸ்டீயரிங்குக்கு வைத்தாள், ஹெட்லைட்டுக்கு வைத்தாள், நாலு டயருக்கும் வைத்தாள். அப்புறம் குனிந்து குனிந்து ஒவ்வொரு கேமராவையும் தேடிப் பிடித்து அதன் மேலும் கொழகொழவென்று ஒரு பொட்டு.

“அம்மா, அதுக்கு மேல வெச்சா எப்படித் தெரியும்?”

“அதுவும் கண்ணுதானேடி. அதை மட்டும் மூளியா விடச் சொல்றியா?”

நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் விஜயதசமி. அடையாறு அத்தை வீட்டுக்குச் சுண்டல் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். முன் கேமராவையும் பின் கேமராவையும் துடைத்தவள், பக்கத்துக் கேமரா இரண்டையும் மறந்துவிட்டாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி ஜோராகக் கிளம்பியது. நான் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் பின் சீட்டில்.

தெருமுனையில் பூக்கார தேவி உட்கார்ந்திருப்பாளே, பலகையும் கூடையுமாக, இடது பக்கம். பின்னால் இருந்து எனக்கே பளிச்சென்று தெரிகிறாள், சிவப்புப் புடவை, மடி நிறைய கதம்பம். அம்மா இடது பக்கம் திரும்பினாள். திரும்பிக்கொண்டே போனாள். டமால் என்று ஒரு சத்தம். பலகை ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம், தேவி துள்ளிக் குதித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு சாண் அப்பா, ஒரு சாண். அவள் கால் இருந்த இடத்தில் நம் டயர் நிற்கிறது.

“இன்னா டீச்சரு! கண்ணு தெர்ல உனக்கு? இம்மாம் பெரிய ஆளு குந்திகினு கீறேன், மேல ஏத்துறியே!”

நான் இறங்கி ஓடி அவள் கையைப் பிடித்து, அடிபட்டதா என்று பார்த்து, பூவைப் பொறுக்கி, மன்னிப்புக் கேட்டுத் திரும்பினால், அம்மா இன்னும் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். திரையில் பாதிக்கு மஞ்சளாக ஏதோ மேகம்.

“ஸ்கிரீன்ல தெரியலடி” என்றாள்.

“ஸ்கிரீன் எதுக்கும்மா? ஜன்னல் வழியாவே தெரியுதே!”

இடது பக்கத்து முன் கதவைத் திறந்து உள்ளே குனிந்தேன். அவள் முகத்துக்கு இடது பக்கமாக, காதுக்குக் கொஞ்சம் முன்னால் என் கையைக் கொண்டுபோய் ஆட்டினேன். அவள் திரும்பவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, அப்பா. நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு, “இன்னும் எவ்ளோ நேரம் நிக்கப் போறே, ஏறு” என்கிறாள்.

அத்தை வீடாவது சுண்டலாவது. அடுத்த நாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மந்தைவெளியில் நீங்கள் இரண்டு பேரும் வழக்கமாகப் போவீர்களே, அதே டாக்டரம்மா. பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கண் அழுத்தம். இடது கண்ல பக்கப் பார்வை போய் ரொம்ப நாளாச்சும்மா. வண்டி ஓட்டக் கூடாதுன்னு சார்கிட்ட அப்பவே சொல்லியிருந்தேனே. உங்ககிட்ட சொல்லலையா?”

சார்! எந்த சார்? நீங்கள்தான், வேறு யார்!

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். லெஃப்ட்ல ஆட்டோ. லெஃப்ட்ல சைக்கிள். லெஃப்ட்ல குழந்தை. வாயாடி அப்பா என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் அவளுக்குக் கண்ணாக உட்கார்ந்திருந்தீர்கள்.

இதைக் கேட்டு நான் உருகிப்போய்விடுவேன் என்று நினைத்தீர்களா? உருகினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் வந்தது பாருங்கள் கோபம், அது இன்றுவரை இறங்கவில்லை. என்ன தைரியம் உங்களுக்கு? இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வண்டி ஓட்டினீர்களே, நீங்கள் தும்முகிற அந்த ஒரு நொடியில் ஒரு குழந்தை குறுக்கே வந்திருந்தால்? கண் அசந்து தூங்கியிருந்தால்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சாவியைக் கேட்டால் அவள் ஒடிந்துபோவாள் என்று பயமா, இல்லை திட்டு விழும் என்று பயமா? நீங்கள் போன பிறகு அவளுடைய இடது பக்கத்தை யார் பார்ப்பார்கள் என்று யோசிக்கவே இல்லையா?

அவள் யோசித்திருக்கிறாள். அதனால்தான் நாலு கண். உங்கள் சீட்டில் என்னை விடாததும் அதனால்தான், பக்கத்தில் உட்கார்ந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேனே.

வீட்டுக்கு வந்து சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் நடந்தது சண்டை இல்லை, யுத்தம். டாக்டருக்கு ஒன்றும் தெரியாதாம். சந்தனத்தைத் துடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். உங்கள் காலம் வரைக்கும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததா என்று கேட்கிறாள். விழவில்லைதான்.

“அந்தக் கேமராவாலயாம்மா தேவி தப்பிச்சா? அவ தப்பிச்சது அவ துள்ளினதால!”

“கேமரா நல்லாத்தான் காட்டுது. ஆனா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கத்துது. நாய்க்கும் அதே பீப், குழந்தைக்கும் அதே பீப். உங்கப்பா அப்படியா? நாய்ன்னா ஒரு குரல், குழந்தைன்னா ஒரு குரல்.” சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரங்கள் உருண்ட சத்தம் நாராயணன் சார் வீடுவரைக்கும் கேட்டிருக்கும்.

ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. காபி மட்டும் டொக்கென்று மேஜையில் வந்து உட்காரும். அப்புறம் ஒரு நாள் அவளே சமாதானத்துக்கு வந்தாள், அதிலும் ஒரு கெத்து. “உனக்கு ஓட்டக் கத்துத் தரேன். நீ உருப்படியா ஓட்டற வரைக்கும் சும்மா பக்கத்துல உக்காந்துக்கறேன். அதுவரைக்கும்தான்.” தோற்றுப்போனதைக்கூட எனக்கு ஏதோ தானம் பண்ணுவதுபோல் சொல்கிறாள்! நானும் சரி டீச்சர் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ஆக, பீரோவில் கிடந்த லைசென்ஸ் வெளியே வந்தது. நான் ஸ்டீயரிங்கில், அம்மா உங்கள் சீட்டில். மெட்ரோவுக்காகத் தோண்டித் தகரம் அடித்து வைத்திருக்கிற சந்துபொந்தெல்லாம் அவளோடு ஊர்ந்து போகிறேன். நீங்கள் பேசினதெல்லாம் ஒரு பேச்சா அப்பா? இவள் வாய் ஓய்வதே இல்லை. “ரைட்ல பஸ். ரைட்ல ஷேர் ஆட்டோ. ரைட்ல ஒருத்தன் போன்ல பேசிக்கிட்டே வர்றான் பாரு.” எல்லாம் எனக்கே நன்றாகத் தெரிகிற பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

நேற்று நந்தனம் சிக்னல் கிட்டே இடது பக்கம் திரும்பினேன். இவள் பாட்டுக்கு, “ரைட்ல லாரி, ரைட்ல லாரி” என்கிறாள். திரையில் திடீரென்று இடது ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர், அதில் முன்னால் நின்றுகொண்டு ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு குட்டிப் பெண். பிரேக்கை மிதித்தேன். ஸ்கூட்டர்காரம்மா ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

“ரைட் எனக்கே தெரியுதும்மா! லெஃப்ட் சொல்லேன், லெஃப்ட்! அந்தப் பக்கம்தானே உக்காந்திருக்கே!”

பின்னால் எல்லா வண்டியும் ஹார்ன் அடிக்கிறது. அம்மா மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“லெஃப்ட் எனக்குத் தெரியாதேடி” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். டாக்டரிடம் ஒத்துக்கொள்ளாதவள், தேவியிடம் ஒத்துக்கொள்ளாதவள், ஒரு வாரம் என்னோடு மல்லுக்கு நின்றவள். உங்களைத் தவிர வேறு யாரிடமும் அவள் அதைச் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா, இனிமேல் அம்மா ஸ்டீயரிங்கைத் தொட மாட்டாள். அவளுடைய இடது பக்கம் இனி என் பொறுப்பு. காரில் மட்டும் இல்லை. இன்று சாயங்காலம் குளத்தங்கரைக் கடைக்குக் காய் வாங்கப் போனபோதுகூட அந்தப் பக்கமாகத்தான் நடந்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, கையைக் கோத்துக்கொண்டாள். ஆனால் உங்களை நான் மன்னித்துவிட்டதாக மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நேரில் வந்து ஒரு பிடி பிடிக்கத்தான் போகிறேன். கொஞ்ச நாள் காத்திருங்கள். இவளைத் தனியாக விட்டுவிட்டு என்னால் இப்போதைக்கு வர முடியாது.

உங்கள் மேல் கோபம் தீராத, உங்கள் ஒரே பெண்,
சுமதி