போட்டது நூறு, எடுத்தது நூற்றாறு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீ நலமாக இருப்பது ஊருக்கே தெரிகிறது. பேருந்து நிறுத்தத்தில் உன் மெஷினின் போஸ்டரை ஒட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் நீ கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாய். போனை நீ எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேன்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கோபம் வந்தாலும் கடைசி வரை படித்துவிடு.

அந்தப் போஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ ஒருமுறையாவது நிதானமாகப் படித்தாயா? ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்ற கம்பளம் சுத்தம் செய்யும் மெஷின், சரி. கீழே கொட்டை எழுத்தில், "போட்ட அழுக்கு நூறு கிராம், எடுத்தது நூற்றாறு கிராம்! சோதித்துப் பார்த்த உண்மை!" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூறு போட்டால் நூற்றாறு எப்படியடா வரும்? மீதி ஆறு உன் மாமனார் வீட்டிலிருந்து வந்ததா? பள்ளிக்கூடத்தில் கணக்கில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். இந்தக் கணக்கு மட்டும் உனக்கு இடிக்கவில்லையா?

உன் மெஷின் எங்கள் லேபுக்குச் சோதனைக்கு வருகிறது என்றதும் நானே மேலாளரிடம் போனேன். அது என் தம்பியின் கம்பெனி, நான் தொடக் கூடாது என்று சொல்லி விலகிக்கொண்டேன். அக்கா தயவில் பாஸானது என்று நாளைக்கு யாரும் உன்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்றுதான். அந்த வாரம் முழுக்க மாடியில் வேறு மெஷின்களோடு மல்லுக்கட்டிக் கிடந்தேன். என் இடத்தில் உன் மெஷினைச் சோதித்தவர் என்னோடு வேலை பார்க்கிற கண்ணாடிக்காரர்.

எங்கள் வேலை உனக்குத் தெரியும், இருந்தாலும் அம்மாவுக்கும் புரியட்டும் என்று விளக்கி எழுதுகிறேன். புதுக் கம்பளத்தில் உதிரிப் பஞ்சு ஏராளமாக இருக்கும். முதலில் வேறொரு மெஷினை வைத்து அதை உறிஞ்சி உறிஞ்சி, இனி பஞ்சே வராது என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கே அரை நாள் போய்விடும். பிறகுதான் நிறுத்து வைத்த மண்தூளைத் தூவி, உருளையால் அழுத்தி, சோதிக்க வேண்டிய மெஷினை ஓட்டுவோம். அதன் பையை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு மண்ணை எடுத்தது என்று தெரிந்துவிடும்.

நீ என்ன செய்தாய்? மதியம் ரயிலைப் பிடிக்கணும் என்று கண்ணாடிக்காரரின் தலைமேல் நின்றிருக்கிறாய். கம்பளமும் உன் கம்பெனியிலிருந்தே வந்தது. "பஞ்செல்லாம் எடுத்துத்தான் சார் கொண்டாந்திருக்கோம்" என்று நீயே சொன்னாயாம். அந்த மனிதரும் என் தம்பியாயிற்றே என்று நம்பி, நேராக மண்ணைத் தூவிவிட்டார். உனக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்று நான் ஒதுங்கி நின்றால், என் பேரை வைத்தே நீ காரியத்தை முடித்துக்கொண்டு போயிருக்கிறாய். தெரிந்து சொன்னாயா, உன் ஆட்கள் சொன்னதை நம்பிச் சொன்னாயா என்று நான் கேட்கப் போவதில்லை. தெரியாமல் சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன்.

நூற்றாறு என்று வந்ததும் எல்லோரும் கைதட்டினார்களாம். கேக் வேறு வெட்டியிருக்கிறார்கள். அறை நிறையப் படித்தவர்கள், ஒருத்தருக்காவது ஏன் என்று கேட்க வாய் வந்ததா? மாடிக்கு எனக்கும் ஒரு துண்டு வந்தது. என் தம்பி ஜெயித்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தின்றேன். சாயங்காலம்தான் எண்ணைச் சொன்னார்கள். கீழே ஓடிப்போய்ப் பையைப் பிரித்தால், உள்ளே பச்சைப் பஞ்சு. கம்பளமும் அதே பச்சை. பஞ்சும் மண்ணும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. அதில் மண் எவ்வளவு என்று அந்த ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது.

அப்போதே மேலாளரிடம் போனேன். "சர்டிபிகேட் போயாச்சும்மா, இனிமே கிளறினா நம்ம பேருதான் நாறும்" என்றார். நான் விடுகிற ஆளா? நச்சரித்த நச்சரிப்பில், கம்பெனியே எழுதிக் கேட்டு மெஷினைத் திரும்ப அனுப்பினால் மறுசோதனை செய்யலாம் என்று இறங்கி வந்தார். அதைச் சொல்லத்தான் உன்னை அத்தனை தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை எடுத்தபோது நீ என்ன சொன்னாய்? "நீதான் ஒதுங்கிட்டியேக்கா, இப்ப எதுக்கு மூக்கை நுழைக்கிறே?" நன்றாக இருக்கிறதடா நியாயம்! உன் மெஷினைத் தொட மாட்டேன் என்றுதான் சொன்னேன். கண்ணெதிரே தப்பு நடந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன் என்று எப்போது சொன்னேன்?

சரி, நம் இருவருக்குள் நடக்கிற சண்டை என்று விட்டிருப்பேன். போன வாரம் ஒரு அம்மாள் லேபுக்குப் போன் செய்தார். குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவர். தவழுகிற பிள்ளைகளும் நடக்கப் பழகுகிற பிள்ளைகளுமாக நாள் முழுக்கக் கம்பளத்தில்தான் கிடக்கிறார்களாம். சிலருக்கு மூச்சிரைப்பு உண்டாம், தூசி கொஞ்சம் இருந்தாலும் இழுப்பு வந்துவிடுமாம். இருக்கிற பழைய மெஷினே நன்றாகத்தான் ஓடுகிறது, உங்கள் சான்றிதழைப் பார்த்ததும் அதைக் கொடுத்துவிட்டு இந்தப் புதிதை வாங்க ஆசை வந்துவிட்டது, நம்பி வாங்கலாமா என்று கேட்டார். ஆமாம் என்றாலும் பொய், வேண்டாம் என்றாலும் பொய். கொஞ்சம் பொறுங்கள், பழையதை விற்றுவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

அது உன் காதுக்கு வந்துவிட்டது. உடனே சின்னப் பிள்ளை மாதிரி அம்மாவிடம் ஓடினாய். உன் வீட்டிலிருந்துகொண்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, "கூடப் பொறந்தவன் முன்னுக்கு வந்தா உனக்குப் பொறுக்கலையாடி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை. என் மகள் காய்ச்சலில் கிடந்தாள், அதைக்கூட அம்மா உன் அத்தானின் போனில்தான் விசாரித்தாள். இப்போது காய்ச்சல் விட்டு, அவள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

எனக்கா பொறாமை? நீ கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, கார் நிறுத்துகிற இடத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, இவன் உருப்பட மாட்டான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசினார்கள். அவர்களோடு சண்டைக்குப் போனது யார்? சித்தப்பா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, உனக்குத் தெரியுமா?

உன் மெஷின் மோசம் என்று நான் சொல்லவே இல்லையடா. நல்ல மெஷினாகவே இருக்கலாம். எனக்கும் தெரியாது, கண்ணாடிக்காரருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இத்தனை வருஷம் சோறு தண்ணி பார்க்காமல் செய்த பொருள், எவ்வளவு அழுக்கை எடுக்கும் என்றே தெரியாமல் போஸ்டரில் நின்று சிரிக்கிறாயே, அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆறவில்லை. எங்கள் லேபுக்கு வந்த நல்ல மெஷின் எதுவும் நூறை எட்டியதில்லை. எழுபது வந்தால் எழுபது என்று போட்டுக்கொள். முதலில் வாங்கச் சொல்கிறவள் நானாக இருப்பேன்.

அந்தக் காப்பகத்து அம்மாள் திங்கட்கிழமை மறுபடியும் கூப்பிடுவார். அதற்குள் மறுசோதனை வேண்டும் என்று உன்னிடமிருந்து ஒரு வரி வராவிட்டால், நடந்த சோதனை தப்பு என்று அவரிடம் சொல்லத்தான் போகிறேன். மேலாளர் என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் சரி. சொன்னால் அது அவரோடு நிற்காது, உன் மெஷினை வாங்கிய எல்லோருக்கும் போய்ச் சேரும். நீயே முன்வந்து கேட்டால் நேர்மையான ஆள் என்பார்கள். என் வாய் வழியாக வெளியே வந்தால் திருட்டுப் பயல் என்பார்கள். என் தம்பியை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. சொல்லும்படி நான் செய்தேன் என்று இருக்கவே கூடாது. என்னை அந்த இடத்தில் நிறுத்தாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கடிதத்தை அம்மாவிடம் மறைக்காமல் படித்துக் காட்டு. திட்டினால் திட்டட்டும், குரலையாவது கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, போஸ்டரிலேயே கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறாய்.

மெஷினை அனுப்பாதே, நீயே கொண்டு வா. சோதனை நடக்கும்போது நான் உள்ளே வரக் கூடாது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என்ன எண் வந்தாலும் நேராக என்னிடம் வந்து சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எப்போதும் நினைக்கும்,
உன் அக்கா