சிட்டுக்கு நான் எழுதிய தீர்ப்பு

காரைக்குடி,
20.3.1999

மதிப்பிற்குரிய சகோதரி சாலா அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கையெழுத்தை நீங்கள் பார்த்ததில்லை. என் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் ஞானபூரணி. காரைக்குடியில் ஜெகபர் சாதிக் என்பவர் நடத்தும் கணினி மையத்தில் தட்டச்சும் கணினியும் சொல்லிக்கொடுக்கிறேன். கணவர் சின்னராஜ் சாக்கோட்டை யூனியன் அலுவலகத்தில் எழுத்தர். ஒரே மகள் பெல்சி, ஒன்பதாம் வகுப்பு. பவளத்துறையில் என்னை நீங்கள் ‘நடுவர்’ என்று அழைப்பீர்கள்.

இந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிடத் தோன்றினால் வைத்துவிடுங்கள். நியாயம்தான். இதுவரை உங்களுக்கு மின்னஞ்சலாக எட்டோ ஒன்பதோ எழுதி, ஒன்றையும் அனுப்பவில்லை. கணினியில் எழுதும்போது அழித்து அழித்து என்னை நல்லவளாக்கிக்கொண்டே போகிறேன். காகிதத்தில் கோடு போட்டு அடித்தால் அடித்தது தெரியும். அதனால்தான் பேனா.

பவளத்துறையைத் தொடங்கியது முஜிபுர் ரகுமான். என்னிடம் தட்டச்சு படித்தவர், இப்போது சிங்கப்பூரில் வேலை. இல்லாத ஒரு துறைமுகத்தை இணையத்தில் உண்டாக்கி, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதையாக எழுதலாம் என்று கூப்பிட்டபோது பத்துப் பேர்கூடச் சேரமாட்டார்கள் என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டு படகோட்டியாகவும் சுங்கக்காரராகவும் வைத்தியராகவும் வாழ்ந்தார்கள். சண்டை வரத்தொடங்கியதும் முஜிபுர் என்னை நடுவராக்கினார். “நீங்க கண்டிப்பா இருப்பீக டீச்சர், உங்களுக்குத்தான் பயப்படுவாக” என்றார். எனக்கு அது இனித்தது.

நடுவர் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. தினம் பத்துப் பதினைந்து முறையீடு வரும். என் கப்பலை அவர் ஏன் மூழ்கடித்தார், என் வேடத்தை இவர் ஏன் கோழை என்றார், அந்த ஆள் என் கதாபாத்திரத்துக்குக் காதல் கடிதம் எழுதுகிறார், நிறுத்தச் சொல்லுங்கள், இப்படி. வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவேன். மூன்று விதிகள் நானே வகுத்தேன். ஒருவருடைய ஆளை இன்னொருவர் சாகடிக்கக் கூடாது. ஒரே விஷயத்தைப் பத்து நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. சொந்த ஊர், சொந்தப் பெயர், சொந்த வாழ்க்கை எதுவும் உள்ளே வரக் கூடாது. மீறியவர்களை வெளியேற்றினேன். ஏழு பேர் அப்படிப் போனார்கள்.

நீங்கள் விளக்குக்காரியாக வந்தீர்கள். கலங்கரை விளக்கில் தினமும் எண்ணெய் ஊற்றி ஏற்றுகிறவள், அவளுடைய ஆறு வயது மகள் சிட்டு. உங்கள் பதிவைத்தான் எல்லோரும் முதலில் திறப்போம். சிட்டு நண்டுக்குப் பெயர் வைத்ததை என் மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சனவரிக் கடைசியில் சிட்டுக்குத் தலைவலி என்று எழுதினீர்கள். பிறகு படியில் விழுந்தாள் என்று. பிறகு, இன்று விளக்கு ஏற்றவில்லை, மகள் பக்கத்தில் இருக்கிறேன் என்று.

விளக்கு எரியாமல் கப்பல் உள்ளே வர முடியாது. பவளத்துறைக் கதை முழுக்க அந்தக் கப்பல்களை நம்பித்தான் இருந்தது. துபாயிலிருந்து எழுதும் நம் வைத்தியர் மூன்று முறை மருந்தோடு வந்தார். மூன்று முறையும் நீங்கள், மருந்துக்குக் குணமாகவில்லை என்று எழுதினீர்கள். பன்னிரண்டு நாளாயிற்று. முறையீடுகள் குவிந்தன. ஒரு பெண்ணின் அழுகைக்கு நாற்பது பேர் காத்திருக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். விதி எல்லோருக்கும் பொதுதானே என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது. உங்களுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

உங்களுக்கு எச்சரிக்கை அனுப்பினேன். நீங்கள் இரண்டே வரி எழுதினீர்கள். “கொஞ்சம் பொறுங்கள். அவளை இப்போது எப்படி எழுதி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.”

சகோதரி, இனிமேல் எழுதுவதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு வரியைப் படித்தபோது, இது கதை இல்லையோ என்று எனக்குத் தோன்றியது. ஒரு கணம்தான். ஆனால் தோன்றியது. ‘வீட்டில் எல்லோரும் நலமா’ என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். சொந்த வாழ்க்கையைக் கேட்பது விதிக்கு விரோதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்டு நீங்கள் ஏதாவது சொல்லிவிட்டால் தீர்ப்பு எழுத முடியாமல் போகும். அதற்குள் தீர்ப்பு என் மனதில் அழகாக உருவாகிவிட்டிருந்தது. அதனால்தான் கேட்கவில்லை.

பிப்ரவரி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அதைப் பதித்தேன். உங்கள் ஊரில் அப்போது விடிந்துகொண்டிருந்திருக்கும். சிட்டு கண்மூடினாள் என்று எழுதினேன். விளக்குக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறினாள், விளக்கு எரிந்தது, கப்பல்கள் வந்தன என்று எழுதினேன். நான் வகுத்த முதல் விதியை நானே உடைத்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. பாராட்டித்தான் எழுதினார்கள். நடுவருக்குள் இவ்வளவு நல்ல எழுத்தாளரா என்று ஒருவர் வியந்தார். நான் அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணில் நீர் வந்தது. அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை மதியம் உங்கள் அண்ணன் முத்தப்பன் எங்கள் மையத்துக்கு வந்தார். நேமத்தான்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார், சட்டை நனைந்திருந்தது. கையில் மின்னஞ்சல் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. “எந் தங்கச்சி கனடாவுல இருக்கா டீச்சர். மகளுக்கு முடியல. படம் அனுப்பிருக்காளாம், எனக்கு இதத் திறக்கத் தெரியாது. கொஞ்சம் பாத்துத் தர்றீகளா?” என்றார். திறந்தேன். அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியை இரண்டாம் முறை படித்தேன். உறுப்பினர்களின் முகவரி நடுவருக்குத் தெரியும். விளக்குக்காரியின் முகவரி அது.

படம் வரிவரியாக இறங்கியது. முதலில் தலையணை தெரிந்தது. பிறகு மழித்த தலை. பிறகு அவள் சிரிப்பு, முன்பல் இல்லாமல். குன்றக்குடி முருகன் கோயிலில் போட வேண்டிய மொட்டையை இங்கேயே போட்டாச்சு அண்ணே, என்று கீழே எழுதியிருந்தீர்கள். அதை அனுப்பியது வியாழக்கிழமை. நாளை வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தலையில் ஆபரேஷன், உள்ளே கொண்டுபோய்விடுவார்கள், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை உங்கள் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் அச்செடுத்த தாளை வாங்கிக்கொண்டு, “அங்க யாரும் பேச்சுத்துணைக்குக்கூட இல்ல டீச்சர். கம்ப்யூட்டர்ல ஏதோ ஊர் மாதிரி வச்சு எழுதுறாகளாம். அதுதான் அவளுக்குத் தெம்பு. அந்த ஊருல எல்லாரும் நல்லவுகன்னு சொல்லுவா” என்றார். “மகராசியா இருங்க” என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த ஊரின் நடுவர் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் கும்பிட்டேன்.

அவர் போனதும் பவளத்துறையின் பதிவேட்டைப் பார்த்தேன். என் தீர்ப்பை நீங்கள் திறந்ததை அது காட்டுகிறது. உங்கள் ஊர் நேரம் வெள்ளி காலை ஏழு பத்து. கிளம்புவதற்கு முன் வீட்டிலா, மருத்துவமனையில் காத்திருந்தபோதா, தெரியாது. எத்தனை நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றும் அது காட்டவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் வரவே இல்லை.

தீர்ப்பை அன்றே அழித்தேன். அழித்தால் என்ன, நீங்கள் படித்தாகிவிட்டது. உங்கள் பெயரையோ ஊரையோ சொல்லாமல், ஒரு தாய் கேட்ட அவகாசத்தைக் கொடுக்காமல் அவள் மகளைக் கதையில் சாகடித்தேன் என்று எல்லோருக்கும் எழுதிவிட்டு, நடுவர் வேலையை விட்டுவிட்டேன். வைத்தியராக எழுதுகிறவர் மட்டும் எனக்குத் தனியாக எழுதினார். தானும் அவசரப்படுத்தியதாகவும், மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றும். மற்றவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். கதைதானே, விடுங்கள் என்றார்கள். அவர்கள் ஆறுதல் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. முஜிபுர் பவளத்துறையை மூடிவிடலாமா என்று கேட்டார். விளக்குக்காரியைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் அவரிடம் பாதி சொன்னேன். “வேணும்னா செஞ்ச? தெரியாமத்தான செஞ்ச?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். மேலே நான் எழுதியிருப்பதை நீங்கள் படித்துவிட்டீர்கள். அந்தத் தலையாட்டல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பெல்சி பள்ளியிலிருந்து வந்து தலை வலிக்கிறது என்றால், நான் அவளைத் தொடக்கூடத் தயங்குகிறேன்.

உங்கள் அண்ணன் மறுபடி வருவார், வந்ததும் காலில் விழுந்தாவது சொல்லிவிடுவோம் என்று காத்திருந்தேன். வரவில்லை. போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி நேமத்தான்பட்டிக்குப் போனேன். வீதியில் கேட்டுக் கேட்டு உங்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். பெரிய கதவு பூட்டியிருந்தது. பின்கட்டில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கண்ணு என்ற அம்மா மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கணினி மையத்து டீச்சர் என்றதும் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். “ஐயாவோட ஆத்தா, பெரிய ஆச்சியக் கூட்டிக்கிட்டு எல்லாரும் மெட்ராஸ் போயிட்டாக தாயி. முத்தப்பன் ஐயா அங்கிருந்தே பிளேன் ஏறிட்டாகளாம்” என்றார். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அன்னிக்கு போன் வந்துச்சு. ஒரே அழுகை. நல்லதுக்கு அழுதாகளா, கெட்டதுக்கு அழுதாகளான்னு எனக்கு யாரு சொல்றா?” என்றார்.

பிள்ளையின் பெயரைக் கேட்டேன். உங்கள் மாமியார் பெயரை வைத்திருப்பதால் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், பள்ளிக்கூடத்துப் பெயர் தனக்குத் தெரியாது என்றார். உங்கள் பெயரும் இந்த முகவரியும் அவர் எடுத்துக் கொடுத்த பழைய பொங்கல் வாழ்த்து உறையில் இருந்தவை. என் காரணத்தை அவரிடம் சொல்லாமல் முகவரி வாங்கி வந்துவிட்டேன். அவரைக் கோபிக்காதீர்கள்.

இது எங்களுக்குத் தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள். என்ன செய்வதென்று தெரியாமல், நேற்று சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் கோயில் அலுவலகத்துக்குப் போய் ஒரு பூசைக்கு எழுதச் சொன்னேன். உங்கள் சாமி வேறு என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் பேனாவை எடுத்துக்கொண்டு, “பேரு சொல்லுங்க டீச்சர். சுகத்துக்கா, ஆத்தும இளைப்பாற்றிக்கா?” என்று கேட்டார்.

அவள் பெயரும் எனக்குத் தெரியாது; அவள் இருக்கிறாளா, இல்லையா என்றும் தெரியாது. பிறகு வந்து சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். சிட்டு என்ற பெயரை என் வாயால் சொல்ல முடியவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டு, அதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டும் என்ற சுமையை உங்கள் மேல் வைக்க மாட்டேன். திட்டி எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, அது உங்கள் விருப்பம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இத்துடன் என் முகவரி எழுதிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். அதில் உங்கள் மகளின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிப் போடுங்கள். முடிந்தால் அவள் கையாலேயே எழுதச் சொல்லிப் போடுங்கள்.

கடவுள் அவள் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உங்கள் முன் தலைகுனிந்து நிற்கும்,
ஞானபூரணி